மாமன் வீட்டு டிஸ்க் மூட்டை

கோழித்தீவனம் வந்த சாக்குப்பையில்தான் அந்த டிஸ்க்குகள் எல்லாம் கிடந்தன. அர்த்தநாரி மாமா மூட்டையின் காதைப் பிடித்துத் தூக்கிப் புதுவீட்டு டைல்ஸ் தரையில் தலைகீழாகக் கவிழ்த்தபோது முதலில் விழுந்தது ஒரு செத்த பல்லி. பிறகு எலிப்புழுக்கை, எலி கொறித்துப் போட்ட அட்டைத் தூள், கோழி இறகு. கடைசியாகத்தான் சரசரவென்று டிஸ்க்குகள் சரிந்தன.

"பாரு சாமி, அத்தனையும் தங்கம்" என்றார் மாமா.

இனியா பார்த்தாள். தங்கத்தின் மேல் ஈ பேண்டிருந்தது.

கடுகைவிடச் சின்னதான பழுப்புப் புள்ளிகள், ஒவ்வொரு டிஸ்க்கிலும், இரண்டு பக்கமும். கோழிப்பண்ணையில் எது எங்கே இருந்தாலும் ஈ அதன் மேல் தன் கையெழுத்தைப் போட்டுவிடும். பல்பு, காலண்டர், சாமி படம், குழந்தையின் பால் புட்டி, எதையும் விடாது. மாமாவின் டிஸ்க்குகளோ பல வருடம் முட்டை அடுக்கும் அறையில் கிடந்தவை. உடைந்த முட்டை வழிந்து காய்ந்ததில் நாலைந்து டிஸ்க்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்தபோது எழுந்த நாற்றம் அவளுடைய தொண்டைக்குள் போய் உட்கார்ந்து கொண்டது.

மாமா ஒரு காலத்தில் போர்வெல் போடும் ரிக் லாரிகளை வைத்து ஓட்டியவர். ஆந்திரா, மத்தியப்பிரதேசம் என்று மாதக்கணக்கில் போய்க் கிடப்பார்கள். லாரிக்குள் ஒரு சின்ன டிவி, ஒரு பிளேயர், ஒரு பை நிறைய டிஸ்க். அதுதான் ஆட்களுக்குப் பொழுதுபோக்கு. பிறகு லாரிகளை விற்றுப் புதுச்சத்திரம் பக்கம் நாலு கோழி ஷெட் போட்டார். இப்போது பண்ணையை ஒட்டியே மாடி வீடு கட்டி முடித்துவிட்டார். ஹாலில் கட்டில் அகலத்துக்கு ஒரு டிவி, அதன் கீழே ஒரு கறுப்புப் பெட்டி. டிஸ்க்கில் இருக்கும் படங்களையெல்லாம் ஃபைலாக மாற்றி அந்தப் பெட்டிக்குள் போட்டுவிட்டால், ரிமோட்டில் பெயரைத் தொட்டதும் படம் ஓட வேண்டும். புதுவீட்டு விருந்துக்கு வரும் சொந்தபந்தம் வாயைப் பிளக்க வேண்டும். அதுதான் அவருடைய ஆசை.

"இப்பத்தான் எல்லாம் நெட்டுலயே வருதுங்களே" என்று யாரோ சொன்னதற்கு, "மாசாமாசம் வாடகை கட்டிப் படம் பாக்க, நான் என்ன வாடகை ஊட்டுலயா குடியிருக்கறேன்?" என்று கேட்டாராம்.

இனியாவை அழைத்ததற்குக் காரணம் இருந்தது. பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு சங்ககிரியில் ஒரு ஸ்டுடியோவின் பின்னறையில் வேலைக்குப் போனாள். பழைய கல்யாண டிஸ்க்குகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கிற வேலை. டிஸ்க் பேசாது, நாமும் அதனோடு பேச வேண்டியதில்லை. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. இப்போது இருபது வயது.

ஆனால் அழைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் அம்மா பெருமாயி பையில் துணி அடுக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"விருந்தன்னைக்கே பூ வெச்சுரலாம்னு அண்ணன் சொல்லுது. ஒரு வாரம் அங்கயே இருந்து பழகிக்க. நானும் கூட வாரேன்."

மாமாவின் மகன் நிலவனுக்கு அவள் முறைப்பெண். அவர்கள் ஊர்ப் பக்கம், பத்துப் பேர் பார்க்க மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் பின்வாங்கிய பெண்ணை இன்னொரு வீட்டில் கேட்க மாட்டார்கள். குஜராத் லைனில் லாரி ஓட்டும் அப்பா போனில், "உங்கம்மா சொல்றதக் கேளு கண்ணு" என்பதோடு முடித்துக் கொண்டார். இனியாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் வாய் திறந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

டிவிக்கு எதிரிலேயே ஒரு பிளாஸ்டிக் மேசை போட்டு, அதன் மேல் லேப்டாப்பையும் டிஸ்க் ரைட்டரையும் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு பக்கெட் தண்ணீர், சோப்பு, பழைய பருத்தித் துணி. அவள் முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நிலவன் அவளுக்குப் பின்னால் சோபாவில் படுத்திருப்பான். இருபத்தெட்டு வயது. கெட்ட பழக்கம் என்று எதுவும் இல்லை என அத்தை மாரியாயி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். உண்மைதான். குடிக்க மாட்டான், பீடி சிகரெட் கிடையாது. ஆனால் சோபாவில் படுத்தபடி கால் விரல் இடுக்கைச் சொறிந்து, சொறிந்த விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பான். பிறகு அதே விரலால் முறுக்கு எடுப்பான். எடுத்த முறுக்கில் ஒன்றை அவளிடம் நீட்டுவான்.

"இந்தா புள்ள, தின்னு."

"வேண்டாங்க."

"அட, கூச்சத்தப் பாரு!"

அவள் கூச்சப்படுகிறாள் என்றுதான் அவன் கடைசிவரை நினைத்துக் கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் அவள் ஒரு டிஸ்க்கை நெடுநேரம் துணியால் துடைத்துக் கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான். "தண்ணியில இது போவாது. இப்பிடிக் குடு" என்று பிடுங்கினான். வாயைக் கூட்டி, புளிச்சென்று அதன் மேல் துப்பினான். பனியனை வயிற்றிலிருந்து இழுத்து, வட்ட வட்டமாகத் தேய்த்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"ரிக்குல அப்பாவெல்லாம் இப்பிடித்தான் தொடைப்பாங்க. எச்சிக்குப் போவாத கறையே கெடையாது. பாரு, மொகம் பாத்துத் தலை சீவலாம்!"

அதை அவள் கையில் வாங்க வேண்டியிருந்தது. வாங்கினாள். ஈரம் இன்னும் இருந்தது. அதைத் தட்டில் வைத்து ரைட்டருக்குள் தள்ளியபோது, அந்த எச்சில் உள்ளே சுற்றிச் சுற்றிச் சூடாவது அவளுக்குத் தெரிந்தது. பின்கட்டுக்குப் போய், கை சிவக்கும்வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பி வந்தால், அவளுக்கு உதவி செய்கிற உற்சாகத்தில் வரிசையாகத் துப்பித் துடைத்து ஒரு அடுக்கே தயார் செய்து வைத்திருந்தான்.

அன்றிலிருந்து அவள் ஒரு முறையைக் கண்டுபிடித்துக் கொண்டாள். ஒரு விரல் நுனியால் டிஸ்க்கைத் தூக்கி உள்ளே வைப்பாள். டிஸ்க்கில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் திரையில் வந்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டு முறை என்டர் தட்டுவாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கொள்வாள். அது முடிந்ததாகச் சத்தம் வரும்வரை மூச்சைக்கூடச் சின்னதாகத்தான் விடுவாள். டிஸ்க்கின் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவள் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஈப்புள்ளிக்கு நடுவே, உலர்ந்த மஞ்சள் கருவுக்கு நடுவே எழுத்தைத் தேட வேண்டும். ஸ்டுடியோவிலும் அப்படித்தான் செய்வாள். கல்யாண டிஸ்க்கில் நீளமாக ஓடுவது ஒன்றுதான் கல்யாணம். மீதியெல்லாம் திரையில் பூச் சுற்றுவது, பெயர் மின்னுவது. அதனால் நீளமான ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும் என்று முதலாளி சொல்லிக் கொடுத்திருந்தார். இந்த லேப்டாப்பிலும் அப்படியே அமைத்து வைத்தாள்.

ஃபைலுக்குப் பெயர் வைக்கிற வேலை நிலவனுடையது. முதல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, படத்தின் பெயர் வந்ததும் ஒற்றை விரலால் தட்டுவான். கீபோர்டில் முறுக்குத் தூளும் எண்ணெயும் சேர்ந்து, 'அ' எழுத்து அழுத்தினால் மேலே வர மறுத்தது.

வேலை முடிந்த டிஸ்க்குகளை அத்தை மாரியாயி முறத்தில் அள்ளிக்கொண்டு போவாள். பண்ணைக்குப் பின்னால் சோளக்காடு கதிர் பிடித்திருந்தது. கிளியும் மைனாவும் மொய்த்தன. டிஸ்க்கின் நடு ஓட்டையில் நூலைக் கோத்து, காட்டின் குறுக்கே இழுத்துக் கட்டிவிட்டால் அது வெயிலில் மின்னி மின்னிக் குருவியை விரட்டும். "படம் பொட்டிக்குள்ள போயிருச்சு. இனி இது வெறும் தட்டுதான?" என்று மாமாவும் தலையாட்டிவிட்டார்.

ஒரு நாள் சாயங்காலம், அம்மா தனியாகத் தண்ணீர்த் தொட்டி அருகே நிற்கும்போது இனியா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா."

"என்னடி?"

"எனக்கு இங்க ஆவாதும்மா."

"என்ன ஆவாது?"

எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. விரலை மோந்து பார்ப்பதைச் சொல்வதா, எச்சிலைச் சொல்வதா? சாப்பிட்ட தட்டிலேயே வாய் கொப்பளித்து அதை அத்தை எடுக்கும்வரை அப்படியே வைத்திருப்பதைச் சொல்வதா? சொன்னால் எல்லாம் சில்லறையாகத் தெரியும். கடைசியில், "ஈயா இருக்குது" என்றாள்.

அம்மா சிரித்துவிட்டாள். "ஏண்டி, ஈ இல்லாத ஊட்டுல வாக்கப்படணும்னா நீ அமெரிக்காவுக்குத்தான் போவோணும். நாலு ஷெட்டுக் கோழி. மாடி ஊடு. மாமன் மவன். ஈ வருதாம்!"

"ஈ மட்டும் இல்லீம்மா."

"பின்ன?"

"அவுரு..." என்று ஆரம்பித்தாள். வாய் ஒட்டிக்கொண்டது.

"ஆம்பளைன்னா அப்பிடி இப்பிடித்தான் இருப்பாங்க. உங்கப்பன் லாரியில இருந்து எறங்கி வந்தா என்ன மல்லியப்பூவாட்டமா மணக்குது? போ, போயி வேலையப் பாரு. அண்ணன் காதுல கீது உளுந்தறப் போவுது."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முட்டைக் குழம்பில் மிதந்த முட்டையைப் பார்த்தாலே ஒட்டிப் பிரிந்த டிஸ்க்குகள் நினைவுக்கு வந்தன.

விருந்தன்று ஹால் நிறைந்துவிட்டது. காலையில் ஹோமம், பிறகு பந்தி. ஈயை விரட்ட நாலு மூலையிலும் மின்விசிறி வைத்திருந்தார்கள். அது ஈயை ஒரு இலையிலிருந்து எடுத்து இன்னொரு இலையில் போட்டது. பாயசத்தில் விழுந்ததை ஒருவர் சுண்டுவிரலால் எடுத்துச் சுண்டிவிட்டுக் குடித்தார். இனியா அம்மாவின் அருகே, அத்தை கட்டிவிட்ட அரக்குப் பட்டில், பூ இல்லாத தலையோடு உட்கார்ந்திருந்தாள். தலையை வெறுமையாக விட்டுவைத்ததற்குக் காரணம் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். பெண்கள் அவளைப் பார்ப்பதும் தங்களுக்குள் பேசுவதுமாக இருந்தார்கள்.

மாமா ரிமோட்டோடு நடுவில் நின்றார். அவரோடு ரிக்கில் கூட்டாளியாக இருந்த செங்கோட்டையன் முன் வரிசை நாற்காலியில் வெற்றிலை மென்று கொண்டிருந்தார்.

"என்ன படம் வேணும்னு சொல்லு பங்காளி. பேரச் சொன்னா வரும்."

"நம்ம ரிக்கு சேத்துல மாட்டுனப்ப மூணு நாளா ஒரே அம்மன் படத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தமே? பாம்பு வந்து தாலியத் திருப்பிக் குடுக்குமே, அதப் போடு."

மாமா தேடினார். மேலே போனார், கீழே வந்தார். அம்மன் படம் இல்லை.

"அது கெடக்குது, வேற சொல்லு."

"அந்த ரெட்டை வேசப் படம். தம்பிக்காரன் போலீசு."

அதுவும் இல்லை. மூன்றாவதாகக் கேட்ட பேய்ப்படமும் இல்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். "பொட்டி காலியாங்க?" என்றது ஒரு குரல். மாமாவின் கழுத்து சிவந்தது.

"எங்கடா போச்சு?" என்றார் மகனைப் பார்த்து.

செங்கோட்டையன்தான் சொன்னார். "அதெல்லாம் மூணு படம் ஒண்ணா இருக்கற டிஸ்க்கு ஆச்சே. நாக்பூர் பக்கம் தமிழ்க்கடை ஒண்ணுல மொத்தமா வாங்குனமே? ஒரு டிஸ்க்கு, மூணு படம். மறந்துட்டியா?"

இனியாவுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. நீளமான ஒன்றை மட்டும் எடுத்தாயிற்று. ஒவ்வொரு டிஸ்க்கிலும் மற்ற இரண்டு படங்கள் உள்ளேயே நின்றுவிட்டன. அந்த டிஸ்க்குகள் இப்போது சோளக்காட்டில் வெயிலிலும் பனியிலும் சோளத்தட்டில் உரசித் தொங்குகின்றன. ஒரே ஒரு முறை பட்டியலைக் கண்ணால் பார்த்திருந்தால் மூன்று படமும் வரிசையாகத் தெரிந்திருக்கும். அவள்தான் முகத்தைத் திருப்பிக் கொண்டாளே.

"நான் பேருதானப்பா வெச்சேன். டிஸ்க்கு ஏத்துனது இவதான்" என்றான் நிலவன்.

கூட்டம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. மாமா ரிமோட்டை சோபாவில் எறிந்தார். "ஏஞ்சாமி! உன்னை நம்பித்தான குடுத்தேன்? இத்தன வருசம் பொத்திப் பொத்தி வெச்சதக் காக்காய்க்குக் கட்டித் தொங்க உட்டுட்டமே! இப்பிடி ஒரு வேலையா பண்ணுவ?"

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கொண்டாள். இனியாவுக்கோ நெஞ்சுக்குள் ஒரு சின்ன வெளிச்சம் அடித்தது. திட்டட்டும். இன்னும் திட்டட்டும். இப்படி ஒரு தத்தி இந்த வீட்டுக்கு வேண்டாம் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். அவள் தலையைக் குனிந்துகொண்டு அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

மாமா இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் மூச்சு விட்டார். வந்தவர்களைப் பார்த்தார். முகத்தை மாற்றிக் கொண்டார்.

"சரி உடு. புள்ள எங்க போவப் போவுது? தாலியேறி வந்தப்புறம் இதே ஊட்டுல உக்காந்து, அத்தனையும் கழட்டிக் கழுவி மறுபடியும் ஏத்தட்டும். அதுக்குத்தான் மருமவ!"

ஹாலே சிரித்தது. நிலவனும் சிரித்தான். "நான் தொடச்சுத் தாரேன்" என்றான், நல்ல மனதோடுதான்.

"மாரியாயி, பூவ எடுத்துட்டு வா. நல்ல நேரம் போவுது."

அத்தை தட்டோடு வந்தாள். பந்து மல்லிகை. அதன் மேல் இரண்டு ஈ உட்கார்ந்திருந்தன. அத்தை கையை வீசினாள். அவை எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் பூவிலேயே உட்கார்ந்தன. அத்தையின் கை அவள் பின்னந்தலையைத் தொட்டது. அம்மா, "குனி" என்று விலாவில் இடித்தாள்.

இனியா எழுந்துவிட்டாள்.

"வேண்டாங்க அத்தை."

"என்ன கண்ணு வேண்டாம்? மல்லி புடிக்காதா? கனகாம்பரம் இருக்குது."

"பூ இல்லீங்க. இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாங்க."

மாமா அவளை முதல் முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். "ஏன்? எம் பையனுக்கு என்ன கொறை?"

இப்போதும் வாய் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் நினைத்ததற்கு முன்பே வார்த்தை வெளியே வந்து விழுந்துவிட்டது.

"அருவருப்பா இருக்குதுங்க மாமா."

யாரோ ஒரு பெண் "அய்யோ" என்றாள்.

"என்னது?"

"அவுரு பக்கத்துல உக்காந்தாலே எனக்குக் கொமட்டுதுங்க. கால நோண்டி மோந்து பாக்கறாரு. துப்பித் துப்பித் தொடச்சுக் குடுக்கறாரு. வாய் கொப்பளிச்ச தண்ணி தட்டுலயே நிக்குது, அதுக்குப் பக்கத்துலயே உக்காந்து சிரிக்கறாரு. ஒரு வாரமா நான் எதுவும் திங்கலீங்க. டிஸ்க்கு தப்பாப் போனதும் அதனாலதான். என்னால கண்ணைத் தொறந்து எதையும் பாக்க முடியலீங்க."

முதலில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு நிலவனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக் கொண்டார்கள். அவன் சுவரோடு நின்று, தன் இரண்டு கையையும் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்தான். அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்கு அடியிலும் குமட்டல் அப்படியே இருந்தது.

"பெருமாயி, உம் புள்ளையக் கூட்டிட்டுக் கெளம்பு" என்றார் மாமா. கத்தவில்லை. அதுதான் அம்மாவைக் கொன்றது.

பண்ணையிலிருந்து மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப் வரை அம்மா முன்னால் நடந்தாள். பட்டுச் சேலையைக்கூட மாற்றவிடவில்லை. நிழற்குடைத் திண்டில் காக்கை எச்சம் காய்ந்து கிடந்தது. அம்மா அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

"எம் பொறந்த ஊட்டு வாசலையே அடைச்சுப் போட்டயேடி. அத்தன சனத்து முன்னால! நாலு வார்த்தை பேசத் தெரியாதவளுன்னு நெனச்சனே. பேசுன மொத வார்த்தையே இதா?"

"தனியாச் சொன்னப்ப நீ சிரிச்சயேம்மா."

இனி யாரும் பெண் கேட்டு வர மாட்டார்கள் என்பதும், நாளைக்குச் சங்ககிரி வரை இந்தப் பேச்சு போய்விடும் என்பதும் இனியாவுக்குத் தெரியாமல் இல்லை. அதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். பயமாக இருந்தது. பசியாகவும் இருந்தது.

பண்ணைப் பக்கமிருந்து ஒரு பைக் வந்து நின்றது. நிலவன். அம்மா சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வா சாமி, வா" என்றாள் நம்பிக்கையோடு.

அவன் இறங்கவில்லை. பைக்கை எட்டவே நிறுத்தியிருந்தான். முகத்தைத் தொங்கப் போட்டபடி, தார் ரோட்டைப் பார்த்துக் கேட்டான். "அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாரு. அந்த மீதி ரெண்டு படத்த எப்பிடி எடுக்கறது?"

இனியா நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். "டிஸ்க்கப் போட்டதும் பட்டியல் வருங்க. ஒண்ணுக்கு மட்டும் டிக் இருக்கும். மத்த ரெண்டு நீளமானதுக்கும் நீங்களே டிக் போடணும். கீறல் உளுந்தது சிலது ஓடாது. அத உட்ருங்க, வேற வழி இல்லீங்க."

"ஒவ்வொண்ணா போடணுமா?"

"ஒவ்வொண்ணாத்தானுங்க. பாத்துப் பாத்துப் போடணும்."

அவன் தலையாட்டினான். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அவன் மறையும்வரை அம்மா பார்த்துக் கொண்டே இருந்தாள். "அத்தன பேச்சு கேட்டும் ஒரு சொல்லு திருப்பிச் சொன்னானா பாரு. தங்கமான பையன்டி."

"ஆமாம்மா. நல்ல பையன்தான்" என்றாள் இனியா. "பஸ் வருது, ஏறு."